தேதி போடாத நன்றிக் கடிதம்

பஸ் நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் குடோனுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. வெளியே 'தொலைந்த பொருட்கள்' என்று பலகை தொங்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவள் நான். குடை, சாப்பாட்டு டப்பா, ஒற்றைச் செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன மாதம் ஒரு முழுப் பல்செட், எல்லாம் என் கைவழியாகத்தான் போய் வருகின்றன. பல்செட்டைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. அந்த மனிதர் எப்படிச் சாப்பிடுகிறாரோ தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்துக்கு இரண்டே விதிகள். பதிவேட்டில் 'வந்தது' என்று எழுதியிருந்தால், பொருளை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். தேடியும் பொருள் இல்லையென்றால், 'இல்லை' என்று தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அதற்கு இல்லைச் சீட்டு என்று பெயர். ஒரு நாளைக்குப் பத்துச் சீட்டாவது எழுதுவேன். வாங்குகிறவர்கள் என்னை முறைத்துக்கொண்டேதான் வாங்குவார்கள். ஆனால் அந்தச் சீட்டு இருந்தால்தான் புது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதால் பத்திரமாக மடித்து வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் தேவைப்படும்.

கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லாமல் போனதும் நானும் என் கணவரும் குழந்தைப்பேறு உதவி மையத்துக்குப் போனோம். ஆறு மாடிக் கட்டடம். வாசலில் ஆள் உயரத்துக்கு 'எங்கள் வெற்றி நூற்றுக்கு நூறு' என்று எழுதியிருந்தது. என் கணவர் லிப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிப்டைத்தான் பார்ப்பார்.

"இந்த லிப்ட் மேல மட்டும்தான் ஆளை ஏத்திட்டுப் போகுது. கீழ வர்ற பொத்தான் செத்துப் போச்சு" என்றார்.

நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்றுக்கு நூறு என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அந்த எண்ணைப் பக்கத்தில் பார்த்ததில்லை.

பதிவு மூன்றாம் ஜன்னலில். அங்கே இருந்தவர் முன்னால் ஒரு சுழலும் தாங்கியில் பதினாலு முத்திரைகள் தொங்கின. பேசிக்கொண்டே அதைச் சுற்றிவிடுவார், பார்க்காமலே சரியான முத்திரையை உருவுவார். நாங்கள் வீட்டில் அவரை முத்திரைக்காரர் என்றே சொல்லிக்கொள்வோம்.

"இது விண்ணப்பம். இது சம்மதப் பத்திரம். இது நன்றிக் கடிதம். மூணுலயும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"நன்றிக் கடிதமா? இன்னும் நான் டாக்டரையே பாக்கலையே."

"குழந்தை பொறந்தப்புறம் யாரும்மா வந்து எழுதிக் குடுக்கறாங்க? தூக்கமில்ல, தலைசீவ நேரமில்லன்னு எங்களை அடியோட மறந்துடறாங்க. ஒரு வருஷம் மொத்தமே நாலு கடிதம்தான் வந்துச்சு. எங்க இயக்குநர் ரெண்டு நாள் சாப்பிடல. அதுலேருந்து முன்கூட்டியே வாங்கிடறோம். தேதி மட்டும் போடாதீங்க. பொறந்ததும் நாங்களே குத்திக்குவோம்."

கடிதத்தை ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்தார்கள். 'என் குழந்தையைக் கையில் ஏந்தியபடி இதை எழுதுகிறேன்' என்று ஆரம்பித்தது. எடைக்கு ஒரு கோடு, ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு கட்டம். அந்த முதல் வரியை இரண்டு முறை படித்தேன். ஏதோ பாதிக் குழந்தை பிறந்துவிட்ட மாதிரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். என்னைப் போன்ற ஏமாளிகளுக்கென்றே அந்த வரியை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

மையத்தில் சிகிச்சைக்கு மூன்று வழிகள். சுவரில் படமே போட்டிருந்தது. வழி ஒன்று மாத்திரை. வழி இரண்டு ஊசி. வழி மூன்று, கருமுட்டையை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி மறுபடி உள்ளே வைப்பது. யாருக்கு என்ன கோளாறாக இருந்தாலும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'படி தாண்டாதீர்' என்று படத்தின் கீழே சிவப்பில் எழுதியிருந்தது.

நான் படி தாண்டவில்லை. ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன், முகம் வீங்கியது. ஒரு வருஷம் ஊசி போட்டுக்கொண்டேன், தொடை மரத்துப்போனது. எனக்கு ரத்தம் எடுக்கும் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே நரம்பைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் பழகிப்போனாள். இந்த இரண்டு வருஷமும் என் கணவர் சட்டையில் 'உடன் வந்தவர்' என்ற வில்லையைக் குத்திக்கொண்டு நடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒவ்வொரு முறையும் என் பைலில் 'கணவர்' என்ற கட்டத்தில் டிக் போடுவார்கள். அவரிடமும் எல்லாம் சரியாக இருக்கிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் பெரிய நர்ஸம்மா என் பைலைப் புரட்டிவிட்டு, "இவரோட பரிசோதனை முடிவு எங்கே?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் டிக்கைக் காட்டினார்.

"அது 'வந்தார்'ங்கறதுக்குப் போடற டிக் டாக்டர்."

டாக்டர் கொஞ்சமும் அசரவில்லை. என் பக்கம் திரும்பி நிதானமாக விளக்கினார். "பாருங்கம்மா, ஆம்பளைங்களுக்குப் பரிசோதனைன்னு சொன்னாலே மனசு ஒடிஞ்சு போயிடும். மனசு ஒடிஞ்ச ஆம்பளையை வெளிய உக்கார வச்சிக்கிட்டு உள்ள பொம்பளைக்கு எப்படி வைத்தியம் பாக்கறது? அதனாலதான் பொம்பளையை முதல்ல முழுசா முடிச்சிட்டு, அப்புறம் ஆம்பளைகிட்ட மெதுவா பேசலாம்னு ஒரு நடைமுறை. மனிதாபிமானத்துல வச்சது."

என் கணவரின் மனசு ஒடியவில்லை. ஒரு சின்ன டப்பாவும் அரை மணி நேரமும்தான் ஆயிற்று. மூன்றாம் நாள் முடிவு வந்தது. உயிரணுக்கள் மிகவும் குறைவு. அவருக்கு வழி ஒன்றும் வழி இரண்டும் எந்த ஜென்மத்திலும் பலிக்காது, நேராக மூன்றுக்கே போயிருக்க வேண்டும்.

"ஒரு விதத்துல சந்தோஷப்படணும்" என்றார் டாக்டர். "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லைன்னு ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு நிரூபிச்சிட்டோம்."

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் கணவர் அந்த முடிவுத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "ஒரு லிப்ட் நின்னு போச்சுன்னா நான் கதவையும் பாப்பேன், மோட்டாரையும் பாப்பேன். ரெண்டு வருஷம் கதவையே கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்க மாட்டேன்" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "என்னாலதானே உனக்கு இவ்வளவும்" என்றார்.

"உங்களைத்தான் யாருமே கேக்கலையே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நீங்களாவது கேட்டிருக்கலாமே என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

வழி மூன்றில் எனக்கு மூன்று கருக்கள் தேறின. முட்டை எடுத்ததில் வயிறு பானையாக உப்பிவிட்டதால் உடனே உள்ளே வைக்கக்கூடாது, உறைய வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வைக்கலாம் என்றார்கள். இன்னொரு முறை முட்டை எடுக்க என் உடம்பு தாங்காது என்றும் சொன்னார்கள். ஆக, எங்களிடம் இருந்தது அந்த மூன்றுதான். பெரிய நர்ஸம்மா திரையில் காட்டினார். மூன்று வெளிறிய வட்டங்கள். இதில் எது சிரிக்கும், எது அடம் பிடிக்கும் என்று நான் உற்று உற்றுப் பார்த்தேன். "போதும்மா, கண்ணு பட்டுடும்" என்று நர்ஸம்மா திரையை அணைத்தார்.

மூன்று மாதம் அலுவலகக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்தேன். கடைசி நாளை அடித்துவிட்டு மூன்றாம் ஜன்னலுக்குப் போய் நின்றேன். முத்திரைக்காரர் என் எண்ணைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாழ்த்துகள்மா! பொண்ணு எப்படி இருக்கா?"

"எந்தப் பொண்ணு?"

"உங்க பொண்ணுதான். போன மாசம் பதினேழாம் தேதி. 2.9 கிலோ" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயர், என் எண். எதிரே 'பெண்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, தேதி முத்திரையும் குத்தியிருந்தது. அதன் பக்கத்தில் என் நன்றிக் கடிதம் ஒட்டப்பட்டிருந்தது.

விஷயம் இதுதான். நன்றிக் கடிதங்களை இரண்டு கட்டாக வைத்திருப்பார்கள். குழந்தை பிறந்தவர்கள் கட்டு ஒன்று, காத்திருப்பவர்கள் கட்டு ஒன்று. இரண்டுக்கும் ஒரே சிவப்பு நாடா. பதினேழாம் தேதி ஆண்டு அறிக்கை அனுப்பும் அவசரத்தில் முத்திரைக்காரர் தப்பான கட்டை அவிழ்த்து வரிசையாகக் குத்தித் தள்ளிவிட்டார். பதினோராவது கடிதத்தில் மை தீர்ந்துபோனது. அதனால் பதினோரு பேரோடு நின்றது.

"அது சரி, 2.9 கிலோ எப்படி வந்துச்சு?"

"எடை தெரியலைன்னா சராசரி போட்டுக்கலாம்னு விதி இருக்கு."

"பொண்ணுன்னு?"

"எல்லாத்துக்கும் பொண்ணுன்னே போட்டுட்டேன். பொண்ணுங்கன்னா எனக்கு ரொம்பப் பிரியம்" என்றார். சொல்லும்போது முகத்தில் உண்மையான பாசம் தெரிந்தது.

"சரி, தப்பா விழுந்துடுச்சு. அடிச்சிட்டு என் கருவை வைக்கச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். "அதுலதான் சின்னச் சிக்கல். குழந்தை பொறந்துட்டா பைலை மூடிடுவோம். மிச்சக் கருவை அடுத்த மாசக் கடைசியில அப்புறப்படுத்திடுவோம். இடம் வேணுமில்லையா?"

"எனக்குக் குழந்தை இல்லைன்னு எழுதுங்க. அவ்வளவுதானே?"

"இல்லைன்னு எழுத இந்த மையத்துல யாருக்கும் அதிகாரம் கிடையாதும்மா. நூத்துக்கு நூறு. நீங்க வெளியில எங்கயாவது குழந்தை இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வந்தா பரிசீலிப்போம்."

பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு பெரிய நோட்டுகளைத் தட்டிக் காட்டினார். "பொறந்தா எழுத இது. செத்தா எழுத இது. பொறக்கவே இல்லைன்னா அதை எந்த நோட்டுல எழுதறது? வேணும்னா ஒண்ணு செய்யுங்க. அந்தக் குழந்தையைக் கூட்டிட்டு வாங்க, நேர்ல பாத்து விசாரிச்சு இல்லைன்னு எழுதிடறேன்."

நாலு நாள் லீவு போட்டு ஏழு மேஜை ஏறி இறங்கினேன். ஒரு மேஜைக்காரர், குழந்தை இல்லாததற்குச் சாட்சியாக அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப் போனேன். "இவங்க வீட்ல குழந்தை இல்லைன்னு உறுதியா சொல்றீங்களா?" என்று கேட்டார். எதிர்வீட்டு அக்கா, "நாங்க பாத்ததில்ல" என்றாள். "பாக்காததுக்கெல்லாம் சாட்சி சொல்லக்கூடாது" என்று அனுப்பிவிட்டார்.

கடைசியில் பெரிய நர்ஸம்மாதான் என்னை மாடிப்படி ஓரம் இழுத்துப் போய் ஒரு வழி சொன்னார்.

"அஞ்சாவது மாடியில இரண்டாம் குழந்தைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. இங்க ஏற்கெனவே பெத்தவங்க மறுபடி வந்தா ஒரே ஒரு முறை முயற்சி பண்ணுவாங்க. உறைய வச்ச கருவையே எடுத்துப்பாங்க. உங்களுக்குத்தான் முதல் குழந்தை பதிவேட்டுல இருக்கே. பேசாம ஒத்துக்கிட்டு மேல வாங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய்யை அவங்க சொல்லியாச்சு. நீங்க தலையை மட்டும் ஆட்டுங்க."

அந்தப் பிரிவில் சேர ஒரு நிபந்தனை இருந்தது. மையத்தின் நன்றி நாள் விழாவில் தாயாகக் கலந்துகொண்டிருக்க வேண்டும். விழா அடுத்த வாரமே வந்தது. என் கணவர் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். வாசலில் ஒரு பெண் எங்களை நிறுத்தி, "குழந்தை எங்கே?" என்று கேட்டாள்.

"வீட்ல தூங்குது" என்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அப்படித்தான் சொன்னாள்.

"பரவாயில்லை, அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்று ஒரு துண்டைச் சுருட்டி, ரோஸ் நிறத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "போட்டோவுக்கு முகத்தை உள்பக்கமா திருப்பி வச்சுக்குங்க."

முன்வரிசையில் பத்துப் பெண்கள் ஏற்கெனவே ரோஸ் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்தில் இருந்தவள் பள்ளிக்கூட டீச்சர், ஒன்பது வருஷமாக மையத்துக்கு வருகிறவள். அவள் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "உங்களுதும் 2.9 ஆ?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன்.

இயக்குநர் மேடையேறினார். நல்ல உயரம், நல்ல குரல்.

"தாய்மார்களே! நம் மையத்தின் வெற்றி நூற்றுக்கு நூறு. அதெப்படி என்று சிலர் பொறாமையில் கேட்கிறார்கள். நான் எதையும் மறைப்பவன் அல்ல. மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்? சிகிச்சைக்கு வந்தவர்கள் எத்தனை பேர், அதில் குழந்தை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறார்கள். இது பெண்களின் மனதைப் புண்படுத்தும் முறை. நாம் வந்தவர்களை எண்ணுவதே இல்லை. நன்றி சொன்னவர்களை எண்ணுகிறோம். நன்றி சொன்னவர்களில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது? அத்தனை பேருக்கும்! மற்றவர்களை நாம் ஒருநாளும் தோல்வி என்று சொன்னதில்லை. அவர்கள் இன்னும் நன்றி சொல்லாதவர்கள், அவ்வளவுதான்!"

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. அவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார்.

"இன்னொரு சாதனையையும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு ஒரே நாளில் பதினோரு குழந்தைகள். பதினொன்றும் பெண். பதினொன்றும் 2.9 கிலோ. ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவில்லை. இயற்கையிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியுமா? இதுதான் நிர்வாகம்!"

எங்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துப் பதக்கம் மாட்டினார்கள். நான் அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதிப் படியில்தான் கவனித்தேன், என் இடது கை தானாகவே அதன் தலைப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது. வெறும் துண்டு என்று தெரியும். ஆனாலும் கையை எடுக்க முடியவில்லை. கீழே இறங்கித் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண் அதை உதறி, மடித்து, மேஜைக்கடியில் இருந்த கூடைக்குள் எறிந்தாள். அன்றைக்கு அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை போகவில்லை.

இரண்டாம் குழந்தைப் பிரிவின் படிவம் பதினாறு பக்கம். முதல் குழந்தை தாய்ப்பால் குடிக்கிறதா, இரவில் அழுகிறதா, தம்பியோ தங்கையோ வருவதில் அதற்கு ஆட்சேபம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் மட்டும் பேனா ஓடவில்லை. நான் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன். என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அதைக் கொண்டுபோய் அந்தப் படிவத்தில் எழுத மனசு வரவில்லை. 'இன்னும் வைக்கவில்லை' என்று எழுதினேன். "பொறுப்பில்லாத தாய்" என்று அங்கிருந்த அலுவலர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

இரண்டு கருக்களை உள்ளே வைத்தார்கள். ஒன்றை மட்டும் உறைய வைத்தபடியே விட்டார்கள். பதினாலு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பதினாலு நாளும் நான் குனியவில்லை, இருமவில்லை, கனமான பெட்டி எதையும் தூக்கவில்லை. என் கணவர் காலையில் வந்து அலுவலகக் கதவைத் திறந்துவிட்டு, பெட்டிகளையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார். பதினைந்தாம் நாள் ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் எங்களை ஆறுதல் அறைக்கு அழைத்தார்கள்.

அழைத்தார்கள் என்றதுமே தெரிந்துவிட்டது. நல்ல செய்தியை ஜன்னலிலேயே சொல்வார்கள்.

ஆறுதல் அலுவலர் என்று ஒரு அம்மாள் இருந்தார். மேஜையில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி, அதன் பக்கத்தில் என் பைல். "தங்கலைம்மா" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். என் கணவர் என் முதுகில் கையை வைத்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு கைக்குட்டையை உருவிக் கொடுத்துவிட்டு, பைலைத் திறந்து ஒரு பக்கம் படித்தார். முகம் மலர்ந்தது.

"ஏம்மா இப்படி அழறீங்க? உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே!"

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"எவ்வளவோ பேர் ஒண்ணுகூட இல்லாம தவிக்கறாங்க. கடவுள் உங்களுக்கு ஒரு பொண்ணைக் குடுத்திருக்கார். 2.9 கிலோ, நல்ல எடை. வீட்டுக்குப் போய் அவ முகத்தைப் பாருங்க, எல்லாம் மறந்துடும். மிச்சம் இருக்கற ஒண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்க, அதை மாசக் கடைசியில நாங்களே எடுத்துப் போட்டுடுவோம்."

நான் எழுந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு யாரும் இல்லைச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வருவதில்லை. பொருளைக் கேட்டுத்தான் வருகிறார்கள். பன்னிரண்டு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டு, எனக்கென்று வரும்போது இது உறைக்கவில்லை பாருங்கள்.

நேராக மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன்.

"என் பொண்ணை வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

முத்திரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "யாரை?"

"பதினேழாம் தேதி பொறந்தவ. 2.9 கிலோ. உங்க பதிவேட்டுல இருக்கா. குடுங்க."

"அவ உங்க வீட்ல இல்லையா?"

"இல்லை. நீங்க குடுக்கவே இல்லை. குடுத்திருந்தா என் கையெழுத்து வாங்கியிருப்பீங்களே. எங்க, காட்டுங்க?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். 'தாயிடம் ஒப்படைக்கப்பட்டது' என்ற இடம் வெறுமையாக இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. தாங்கியைச் சுற்றிவிட்டார். பதினாலு முத்திரையும் சுற்றி வந்து நின்றன. எதையும் உருவவில்லை.

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று என் கணவரைப் பார்த்துக் கெஞ்சினார். "நீங்க இவங்களுக்கு உடன் வந்தவர்தானே?"

என் கணவர் சட்டையில் இருந்த வில்லையைக் கழற்றி ஜன்னல் பலகையில் வைத்தார். "நான் அந்தக் குழந்தைக்குத் தகப்பன். எங்க என் பொண்ணு?" என்றார். ஆறு வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. நடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். டீச்சரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

ஆறாவது மாடியிலிருந்து இயக்குநரை வரவழைத்தார்கள். கீழே வரும் பொத்தான் இன்னும் சரியாகவில்லை. ஆறு மாடியும் படியிறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அம்மா, சத்தம் போடாதீங்க. மத்தவங்க நம்பிக்கை கெட்டுடும். உங்களுக்கு என்ன வேணும்?"

"குழந்தை."

"விழாவுல பதக்கம் வாங்கினீங்களே?"

"பதக்கத்தைக் குடுத்தீங்க, துண்டைத் திருப்பி வாங்கிட்டீங்க. குழந்தையைக் குடுங்க. இல்லைன்னா இங்கேருந்து நேரா போலீசுக்குத்தான் போறேன். மையத்துல பொறந்த குழந்தையைக் காணோம்னு புகார் குடுக்கறேன். சாட்சிக்கு உங்க பதிவேடு இருக்கு, நீங்க மேடையில பேசின பேச்சு இருக்கு."

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குழந்தையே கிடையாதும்மா!" என்றார்.

"எழுதிக் குடுங்க."

"இதை எழுதினா நூறு குறையுமே சார்" என்று முத்திரைக்காரர் கையைப் பிசைந்தார். காணாமல் போன குழந்தை பெரிதா, குறைந்துபோகும் நூறு பெரிதா என்று இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கடைசியில், "எழுதுய்யா" என்று சொல்லிவிட்டு, மேலே போக லிப்டுக்குள் ஏறிக்கொண்டார்.

பதினாலு முத்திரையில் ஒன்றுகூட 'இல்லை' என்று இல்லாததால் முத்திரைக்காரர் கையாலேயே எழுதினார். 'இவருக்கு இம்மையத்தில் குழந்தை எதுவும் பிறக்கவில்லை. இன்றைய தேதி வரை இவருக்குக் குழந்தை இல்லை.' கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

பன்னிரண்டு வருஷமாக எத்தனை ஆயிரம் இல்லைச் சீட்டு எழுதியிருப்பேன். ஒன்றை வாங்கிப் படிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாள் நாயாய் அலைந்தது இந்த ஒரு தாளுக்காக. அதைக் கையில் வாங்கியதும் அங்கேயே, அந்த ஜன்னல் பலகையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதல் அறையில் நின்றுபோன அழுகையை மிச்சம் வைக்காமல் அழுதேன். யாரும் எனக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று சொல்லவில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் பின்னால் வரிசை நின்றது. முதலில் டீச்சர். "அடுத்து என் பொண்ணைக் குடுங்க" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"இருங்கம்மா, இவங்களை முடிச்சிடறேன்" என்றார் முத்திரைக்காரர். குழந்தை இல்லை என்று ஆகிவிட்டதால் என் பைலைத் திறக்கலாம். உறைய வைத்திருக்கும் அந்த ஒன்று மறுபடி என்னுடையது. புதிதாகப் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அவருக்கும் பாரம் இறங்கியிருக்க வேண்டும், பழைய சுறுசுறுப்போடு மூன்று தாள்களை என் முன்னால் தள்ளினார்.

"இது விண்ணப்பம். இது சம்மதப் பத்திரம். இது நன்றிக் கடிதம். தேதி மட்டும் போடாதீங்க."

முதல் இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதை எடுத்து, 'என் குழந்தையைக் கையில் ஏந்தியபடி இதை எழுதுகிறேன்' என்ற வரியை அடித்தேன். பக்கத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, அன்றைய தேதியைப் பெரிதாக எழுதினேன். அதன் கீழே, 'இன்று வரை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"ஐயையோ, தேதி போட்டுட்டீங்களே! இனிமே இதை வச்சு நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. டோக்கனைக் குடுங்க."

அவர் என்னை முறைத்துக்கொண்டே டோக்கனைக் கொடுத்தார். அதை இல்லைச் சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, என் கணவரோடு நடையில் போய் உட்கார்ந்தேன்.